கோயிலுக்குள் நின்ற சுவர்

பழைய பங்குக் கோயில்களின் யூபிலி மலரைப் புரட்டினால் பலிபீடம் எந்த ஆண்டு வந்தது, மணியை யார் கொடுத்தது, சுரூபம் எந்த நாட்டில் செய்தது என்றெல்லாம் இருக்கும். நடுவில் நின்ற சுவரைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. அதுவும் கோயில் சாமான்தானே?

நமக்குப் பக்கத்திலேயே தொடங்குவோம். புதுச்சேரி சம்பா கோயிலில், இப்போதைய கட்டடத்துக்கு முந்தைய கோயிலுக்குள், பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அதை எடுக்கச் சொல்லி அவர்கள் சாமியாரிடமே போய் முறையிட்டார்கள்; சுவர் எடுக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கேட்டது நம் மக்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கட்டடமே சாதிக்காக வளைந்தது. 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு, கால்சட்டையின் இரு கால்களைப் போல, இரண்டு கூடங்கள். பீடம் ஒன்று. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார்களும் மற்றவர்களும் மறுபக்கம், இடையில் சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். பிள்ளைமார் ஆயர் பார்த் மீது வழக்குப் போட்டார்கள். கிறிஸ்தவராகிவிட்டவர் தீட்டைச் சொல்லித் தனியிடத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று மதராஸ் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சுவர் போனால் போதுமா? விருத்தாசலம் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். அங்கே சுவர் தேவைப்படவில்லை. உட்காரும் இடம் வேறு, சவ வண்டி வேறு, பிணம் போகும் வழி வேறு என்று தலித்துகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். கடைசியில் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். செத்தவர்களும் ஏழைகள்தான்.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் குழிகளுக்கு நடுவிலும் சுவர். தலித் கிறிஸ்தவர்கள் மீது தீண்டாமை நடக்கிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை தமிழில் எத்தனை பங்குகளில் பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டது? அடுத்த ஞாயிறு நம் ஊர்ப் பங்குத்தந்தையிடம் இதைக் கேட்கலாம். சவ வண்டி எத்தனை இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.