வைத்தியர் பதில்: இழுத்த முகத்தை மீண்டும் திருத்தலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு வாசகியின் கடிதம் இது. வயது 58. ஐந்து மாதங்களுக்கு முன், சீட்டுக்காசை எடுத்துத் தனியார் நிலையமொன்றில் 'பேஸ்லிவ்ற்' எனப்படும் முகச்சுருக்கம் நீக்கும் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார். இப்போது இரண்டு காதுச்சோணைகளும் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியிருக்கின்றன. காதுக்குப் பின்னால் தழும்பு தடித்துக் கடிக்கிறது. வலக்கன்னம் இறுகிவிட்டது. "கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். இந்தக் கிழமை பணம் கட்டினால் அரைவிலைக்குத் திருத்தித் தருவார்களாம். கட்டட்டுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கட்டாதீர்கள்.

வீக்கம் சில கிழமைகளில் வற்றினாலும், இந்தச் சிகிச்சையின் முழுப் பலன் தெரிய 6 முதல் 9 மாதங்கள் செல்லும். அதனால்தான் மறுசிகிச்சைக்கு ஆறு மாதமாவது, பலவேளை ஒரு வருடம், பொறுக்கச் சொல்கிறார்கள். உங்கள் கன்னத்து இறுக்கம் தானாகவே தளரக்கூடும். ஆனால் சிரிக்கும்போது வாய் ஒருபக்கம் கோணினால் அது முகநரம்பின் விடயம். பெரும்பாலும் சில மாதங்களில் குணமாகும் என்றாலும், பொறுத்திராமல் உடனே காட்டுங்கள்.

காதுச்சோணை இழுபடுவது, தோலை அளவுக்கு மிஞ்சி வெட்டி, அதன் இழுவையைச் சோணையில் விடுவதால் வருவது. திருத்துவது சிறிய வேலைதான். அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, சோணையைப் பிரித்து மேலே வைத்துத் தைப்பார்கள். கன்னத்தோல் இளகுமுன் செய்தால் மறுபடி இறங்கிவிடும். அதுவரை பாரமான தோடும் ஜிமிக்கியும் வேண்டாம்.

தழும்புக்கு வருவோம். நம்மைப் போன்ற கருமையான தோலில் தழும்பு தடித்து வளர்வது அதிகம். காது குத்திய இடம் தடித்த அனுபவம் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் சிலிக்கோன் பசை, பிறகு தழும்புக்குள்ளேயே ஸ்ரீரோயிட் ஊசி, சில கிழமை இடைவெளியில் பலமுறை. 'வெட்டி எடுத்துவிடலாம்' என்று மட்டும் யாராவது சொன்னால் யோசியுங்கள். கீலோயிட் என்னும் வகையை வெறுமனே வெட்டினால் முன்னையதைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம்.

கன்னம் தளராவிட்டால்தான் முழு மறுசிகிச்சை. தோலுக்குக் கீழுள்ள படலத்தைச் சரியான திசையில் மாற்றித் தைப்பார்கள். குழிந்த இடத்தை வயிற்றுக் கொழுப்பால் நிரப்புவார்கள், அதில் ஒரு பங்கு கரைந்து போகும். பழைய தழும்புக்குள் நரம்பைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் இது முதல்தடவையைவிடக் கடினம். வெட்டியெறிந்த தோலையும் திரும்ப ஒட்ட முடியாது.

விற்பனைப் பிள்ளையோடு பேசாமல், முதலில் உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரையே கேளுங்கள். ஒப்பந்தத்தில் திருத்தச் செலவு பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு நிபுணரிடம் போங்கள். அவர் பெயர் பொது மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில், பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். அந்த மன்றத்தின் 2016 ஜூன் விதிகளின்படி, சிகிச்சை செய்யும் வைத்தியரே நேரில் விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். அவசரப்பட்டு முடிவெடுக்கத் தூண்டும் சலுகை கூடாது. 'இந்தக் கிழமை அரைவிலை' என்பதை நீங்களே எடைபோடுங்கள்.

அழகுக்கான திருத்தத்துக்கு அரச வைத்தியசேவை வழக்கமாகப் பணம் தராது. சீழ், காய்ச்சல் என்றால் பார்ப்பார்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியை எழுத்தில் கேளுங்கள்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தரவேண்டும். கவனக்குறைவுக்கு வழக்குப் போடுவதானால் பொதுவாக மூன்று வருடமே தவணை.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது: படிவத்தில் கையெழுத்திட்ட அன்று பதினான்கு வயது மகள்தான் மொழிபெயர்த்தாளாம், "பயப்பட ஒண்டுமில்லை அம்மா" என்றாளாம். அவளில் பிழையில்லை, அது பிள்ளை செய்யும் வேலையல்ல. குடும்ப வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். தனியார் நிலையத்திலும் நாள் குறிக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் வயதுவந்த, ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் வாருங்கள். தலையைச் சற்றுத் தளர்த்திப் பின்னினால் காது மறைந்துவிடும்.