சுரங்கத்து ஊர்ப் பாடகர் மாறிவிட்டாரா?

கித்தா மரத்துக்கும் கரிச்சுரங்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம், இந்த வாரம் வெள்ளைக்காரன் பாட்டை எழுத வந்துவிட்டீரே என்று கேட்பீர்கள். கேளுங்கள். சம்பந்தம் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கெண்டக்கி என்று ஒரு மாநிலம். அதன் கிழக்குப் பக்கம் முழுக்க மலை, மலைக்குள்ளே நிலக்கரி. கம்பெனிக்காரர்கள் வந்து சுரங்கம் வெட்டினார்கள். தொழிலாளிக்கு வீடு கட்டிக் கொடுத்ததும் கம்பெனி, கடை வைத்ததும் கம்பெனி. ஒரு காலத்தில் கூலியைக்கூட நல்ல காசாகக் கொடுக்காமல், கம்பெனி அடித்த வில்லையாகக் கொடுத்தார்கள். அது கம்பெனிக் கடையில் மட்டுந்தான் செல்லும். வேலை போனால் வீடும் போகும். லயத்து வீட்டையும் கடைப் பற்றையும் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த மலையிலே லாரன்ஸ் கவுண்டி என்ற பகுதியில் 1991-ல் பிறந்தவர் டைலர் சில்டர்ஸ். தகப்பனார் நிலக்கரித் தொழிலில் இருந்தவர், தாயார் நர்ஸ். பக்கத்து ஜான்சன் கவுண்டியில்தான் லொரெட்டா லின் அம்மையாரும் பிறந்தார். தான் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று 1970-ல் பாடி உலகம் அறிந்தவர் அவர். கித்தார், பிடில், பாஞ்சோ வைத்து ஊர்க்கதை பாடுகிற இந்தப் பாட்டுக்குக் ‘கன்ட்ரி’ என்று பெயர். நம்ம தெம்மாங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சில்டர்ஸ் சொந்தமாகவே பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். 2017-ல் வந்த ‘பர்கட்டரி’ என்ற இசைத்தட்டுதான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுரங்கம், சாராயம், சர்ச், காதல் எல்லாம் அதிலே இருந்தது. கேட்டவர்கள், ‘இவன் நம்ம பையன்’ என்றார்கள். வம்பும் அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் நம்ம பையன் சொன்னபடி நிற்கவில்லை. 2020-ல் ஒரு தட்டு நிறையப் பிடில் மெட்டாகப் போட்டுவிட்டு, கடைசிப் பாட்டில் கறுப்பர்கள் படும் பாட்டைப் பேசினார். 2022-ல் எட்டே பாட்டை மூன்று விதமாக வாசித்து, மூன்று தட்டாகக் கொடுத்தார். 2023-ல் இரண்டு சுரங்கத் தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் காதலிப்பதாக ஒரு பாட்டுக்குப் படம் எடுத்தார். ‘இனி இவன் பாட்டைக் கேட்கமாட்டோம்’ என்று ஒரு கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு கூட்டமோ அப்போதுதான் கிட்டவே வந்தது.

இப்போது 2025 ஜூலையில் ‘ஸ்னைப் ஹன்டர்’ வந்திருக்கிறது. 13 பாட்டு. ஸ்னைப் என்றால் நம்ம உள்ளான் குருவி. அமெரிக்காக் கிராமத்தில் புதுசாக வந்தவனை ஏமாற்ற, ‘உள்ளான் பிடிக்கலாம் வா’ என்று ராத்திரியில் காட்டுக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு சாக்கைக் கொடுத்து நிறுத்திவிட்டு மற்றவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார், பாடகரா ரசிகர்களா என்று எனக்கும் சந்தேகந்தான்.

தட்டைத் தயாரித்ததில் ரிக் ரூபின் என்பவருக்குப் பங்கு உண்டு. 1994-ல் கிழட்டுச் சிங்கமாக இருந்த ஜானி கேஷைத் தனிக் கித்தாரோடு உட்கார வைத்துப் பாடவைத்த பெரிய கை அவர். ஆனால் இந்தத் தட்டிலே சத்தம் கூடுதல். குரலை ஏதோ உடைந்த ஒலிபெருக்கி வழியாக விட்டதுபோல ஆக்கிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் குறைப்படுகிறார்கள். பிடில் எங்கே, பாஞ்சோ எங்கே என்று தேடுகிறார்கள். ஒரு பாட்டில் ஆயிரம் டாலர் கடிகாரம் கட்டிக்கொண்டதைச் சொல்கிறார். ‘பணம் வந்ததும் பேச்சு மாறிவிட்டதே’ என்பாரும் உண்டு. இன்னொரு பாட்டில், தனக்கு வெறிநாய்க்கடி வந்தால் யார் யாரைக் கடிப்பேன் என்று பட்டியல் போடுகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது!

‘தீர்த்த யாத்ரா’ என்றும் ஒரு பாட்டு. குருக்ஷேத்திரம் போக வேண்டும் என்று பாடுகிறார். பெயர்களைத் தப்பாக உச்சரித்தால் மன்னியுங்கள் என்று பாட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார். மற்றொரு பாட்டில் ஹரே கிருஷ்ணா கோஷம் கேட்கிறது. ‘மலைக்காட்டுப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று அங்கே சிலர் முணுமுணுக்க, இங்கே நம்மவர்களோ, ‘பார்த்தீரா, வெள்ளைக்காரன் நம்ம கீதையைப் பாடுறான்’ என்று கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மார் தட்டுகிறார்கள். அண்ணன்மாரே, மார் தட்டுவதற்கு முன்னே, அதே தட்டிலே அப்பனும் மகனும் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அதைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. நமக்குச் சேர வேண்டிய பாட்டு அதுதான்.

‘நோஸ் ஆன் த கிரைண்ட்ஸ்டோன்’ என்று பெயர். தலை நிமிராமல் உழை என்று பொருள். சுரங்கத்தில் மாடாய் உழைத்து, முதுகு போய், வேலைக்கே லாயக்கில்லாமல் ஆன ஒரு தகப்பன். அவர் மகனுக்குச் சொல்கிற புத்திதான் பாட்டு: உழைப்பை விடாதே, மாத்திரையைத் தொடாதே. எந்த மாத்திரை? 1996-ல் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் போன்ற வலி மாத்திரைகள். சுரங்கத்தில் அடிபட்டு முதுகுவலி முட்டிவலி என்று போனவர்களுக்கு டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். வலி போயிற்று, பழக்கம் போகவில்லை. அந்த மலையில் அதற்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் ஏராளம். சில்டர்ஸும் 2020-ல் குடியை விட்டவர்தான்.

இந்தப் பாட்டு புதுசு இல்லை. எத்தனையோ வருஷமாக மேடையில் தனிக் கித்தாரோடு பாடி வந்தார். அதை யாரோ படம் பிடித்துப் போட, ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள். ‘எப்போது தட்டில் வரும்?’ என்று காத்திருந்தார்கள். வந்தது, மேளமும் முழு வாத்தியமுமாக. அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. தனிக் குரலில் இருந்த வலி வாத்தியத்துக்குள்ளே அமுங்கிவிட்டது என்கிறது ஒரு கட்சி. வயசு ஏற ஏறப் பாட்டும் தடிக்காதா என்கிறது மறு கட்சி.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். குருக்ஷேத்திரத்துக்கும் கடிகாரத்துக்கும் முகம் சுளிக்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. அதிலே பல பேர் சுரங்கத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத பட்டணத்து ஆசாமிகள். கரி பூசிய முகமாகவே அவர் நிற்க வேண்டும் அவர்களுக்கு. நம்மையும் அப்படித்தானே கேட்கிறார்கள்? கோலாலம்பூரில் கலை நிகழ்ச்சி என்றால், தோட்டத்துப் பெண் தலையில் துணி கட்டி, கையில் பால்வாளியோடு வந்தால்தான் கைதட்டு. தோட்டமே வீடமைப்பு நிலமாகி, லயத்தை இடித்து, பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போன பிறகும் வாளியை இறக்கி வைக்க விடமாட்டேன் என்கிறார்கள்!

ஆனால் அந்த அப்பன் பாட்டைப் பற்றிக் குறைப்படுகிறவர்களை அப்படித் தள்ள மாட்டேன். அவர்கள் பையனை மாறாதே என்று சொல்லவில்லை. தங்கள் வீட்டுச் சாவுக்கு ஆறுதலாக வைத்திருந்த பாட்டை எடுத்துக்கொண்டு போய் வேறாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே என்று வருந்துகிறார்கள். கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை தகப்பனை வாரிக்கொண்டு போயிற்று என்று நமக்குத் தெரியும். ‘குடிக்காதேடா தம்பி’ என்று குடித்துக்கொண்டே சொன்ன அப்பன்மாரும் நம்மிடம் உண்டு. அந்தப் புத்தியை எவனாவது நமக்கு ஒரு பாட்டாகக் கட்டித் தந்திருந்தால், அதன் மெட்டை ஒரு எழுத்து மாற்ற நாம் விடுவோமா?

விடமாட்டோம். நான் விடவில்லை என்பதே வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு தாத்தா தெம்மாங்கு பாடுவார். கப்பலில் வந்த கதை, கங்காணி கதை. எங்களுக்கு வரிக்கு வரி தெரியும். ஒரு வருஷம் பினாங்குக்குப் பஸ்ஸில் போய் வந்ததைப் பற்றிப் புதுப் பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு வரி பாடுவதற்குள், ‘தாத்தா, பழசை எடுத்து விடுங்க!’ என்று கூச்சல். கூச்சல் போட்டவர்களில் நானும் ஒருவன். அவர் சிரித்துக்கொண்டே பழசைப் பாடினார். அடுத்த வருஷம் பாட வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அந்தப் பஸ் பாட்டில் மிச்சம் என்ன இருந்தது என்று இன்றைக்கு யாரையும் கேட்க முடியாது.

சில்டர்ஸ் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. தனிக் கித்தார்ப் பாட்டும் இருக்கிறது, புதுசும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். எனக்குப் பழசுதான் தொண்டையை அடைத்தது. மகன் கேட்டுவிட்டு, “புதுசுதாம்ப்பா நல்லாருக்கு, இதுல அவரு கோவமா பாடுறாரு” என்றான். இன்னொரு தடவை போடச் சொன்னான், போட்டேன்.