எண் தீட்டிய நாற்காலி

அரசாங்க அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்கள் நாற்காலியின் முதுகிலோ காலிலோ இலாகாவின் பெயரும் ஓர் எண்ணும் வர்ணத்தால் தீட்டியிருப்பதைக் கண்டிருப்பர். நாற்காலி ஏலத்திற்குப் போகும் நாளில் பதிவேட்டிலுள்ள அவ்வெண் அடிக்கப்படும். அத்துடன் அதன் கதை முடிந்தது என்றே நானும் எண்ணியிருந்தேன். சண்டிகார் நாற்காலிகளின் வரலாற்றை அறிந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

அவற்றை வடிவமைத்தவர் பியர் ஜான்னரே. 1896-ல் ஜெனிவாவில் பிறந்தவர். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேக்கு ஒன்றுவிட்ட சகோதரர். இருவரும் ஷார்லட் பெரியான் என்ற அம்மையாருடன் சேர்ந்து, 1920-களின் இறுதியில் எஃகுக் குழாயால் நாற்காலிகள் சமைத்தனர். புகழின் பெரும்பங்கு என்னவோ அண்ணனுக்கே சென்றது.

தேசப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, நமது பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவையாயிற்று. 1951-ல் சகோதரர் இருவரும் வந்தனர். லெ கொர்புசியே அவ்வப்போது வந்து போனார். ஜான்னரேயோ ஏறத்தாழ 14 ஆண்டுகள் அங்கேயே தங்கி, நகரம் எழுவதை உடனிருந்து கவனித்தார். காரியாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் ஆசனங்கள் வேண்டியிருந்தன. எஃகைவிட்டு, நம் நாட்டுத் தேக்கையும் பிரம்பையும் அவர் கையாண்டார். பெங்களூர்ப் பழைய பங்களாக்களின் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு அதன் காற்றோட்டத்தின் அருமை தெரியும். கால்களோ காம்பஸ் கருவியைப் போல மேலே கூடிக் கீழே விரிந்தன. உள்ளூர்த் தச்சர்கள் கையாலேயே செய்தமையால் ஒன்றுக்கொன்று சிறு வேற்றுமை உண்டு.

காலம் சென்றது. பிரம்பு அறுந்தவை மொட்டை மாடிகளில் குவிந்து, கழிவுப் பொருளாக ஏலம் போயின. ஏலத் தாளில் கையொப்பமிட்ட எழுத்தரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. உடைந்த நாற்காலிகளை வைக்க இடமில்லாத சங்கடம் நமக்கா தெரியாது! அயல்நாட்டு வியாபாரிகள் அவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கிச் செப்பனிட்டனர். பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் அவை இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. அசல் எது, போலி எது என்று அறிய அங்குள்ளோர் முதலில் தேடுவது, யாரோ ஒரு சிப்பந்தி தீட்டிய அந்த இலாகா எண்ணைத்தான்!

2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இப்பொருள்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்தது. அதற்குள் கடல் கடந்தவை ஏராளம்.

உடல்நலம் குன்றி 1965-ல் ஊர் திரும்பிய ஜான்னரே 1967-ல் ஜெனிவாவில் காலமானார். அவர் விரும்பியபடியே அஸ்தி சண்டிகாருக்குக் கொண்டுவரப்பட்டு, சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஐந்தாம் செக்டரில் அவர் குடியிருந்த வீடு 2017 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது. வடக்கே பிரயாணம் செய்யும் அன்பர்கள் அவர் வடிவமைத்த ஆசனங்களை அங்கே காணலாம்.