கடைத்தெருவும் ஒரு சோதனைச்சாலையே!

தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை 1, 2, 3 என்று கோடிட்டு இணைப்பது எளிது. 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள், கை தயங்கும்! திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல், தவற்றைத் திருத்துதல் ஆகியவை மூளையின் நிர்வாகத் திறன்கள். முதியோரிடமும் மூளையில் அடிபட்டோரிடமும் இவற்றை அளக்க இத்தகைய சோதனைகள் உதவுகின்றன.

தாள் சோதனை மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. 1991-இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள், மூளையின் முன்மடலில் காயமுற்ற மூவரை ஆராய்ந்தனர். நுண்ணறிவுச் சோதனையில் மூவருமே கெட்டிக்காரர்கள். ஆனால், சில பொருள்களை வாங்கி, சில செய்திகளை விசாரித்து வரும்படி கடைத்தெருவுக்கு அனுப்பியபோது, விதிகளை மீறித் தடுமாறினார்கள்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. பள்ளிக்கூடமே காணாத பாட்டி அ, ஆ வரிசையில் தயங்கினால், அது மூளையின் குறையாகிவிடுமா? வெப்பநிலையை அளக்க மீட்டர் கோலை எடுப்போமா?

தலையில் அடிபட்டுத் தேறிய ஒருவர் வேலையைப் பாதியில் விட்டால், உடனே "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் நம் அளவுகோலைச் சோதிப்போம். பிறகு மனிதரை மதிப்பிடுவோம்.