தென்னைக்குத் தகப்பன் யார்?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்னும் பழமொழியை நம்பி நான் ஏமாந்த கதையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் பட்டுக்கோட்டைத் தாலூகாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. எங்கள் கொல்லையில் 12 மரங்களில் இரண்டே மிஞ்சின. அயல் தோப்பில் தப்பிய கலப்பின மரம் ஒன்று குலை குலையாய்க் காய்த்தது. அதன் நெற்றுகளை வாங்கிப் பத்துப் பிள்ளைகள் வைத்தேன். இன்று இரண்டு தாயைப் போல் காய்க்கின்றன. ஒன்று குட்டையாகவே நின்றுவிட்டது. மற்றவை இன்னும் பாளையே விடவில்லை.

காரணம் பாளைக்குள் இருக்கிறது. நெட்டைத் தென்னையில் ஆண் பூக்களே முதலில் மலர்கின்றன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் அவை உதிர்ந்த பின்னரே பெண் பூக்கள் பக்குவமடைகின்றன. ஆகையால் அயல் மரத்து மகரந்தம் காற்றாலோ தேனீயாலோ வந்து சேர வேண்டும். குட்டை ரகத்தில் இரு காலமும் ஒன்றிவருவதால், அது பெரும்பாலும் தன்னைப் போலவே பிள்ளை தரும். நெட்டையோ தகப்பன் பெயரைச் சொல்லாது!

மட்டையும் கொட்டாங்கச்சியும் முழுக்கத் தாயின் உடைமை. பருப்பிலும் முளையிலும் தந்தைக்குப் பங்குண்டு. ஆகவே நெற்றின் பருமனைக் கண்டு வருங்கால மரத்தை மதிப்பது பாதி ஜாதகம் பார்ப்பதாகும்.

இந்தக் கலப்பையே நன்மையாக்கியவர் படேல் என்னும் தாவர சாஸ்திரி. 1932-ல், அன்றைய சென்னை ராஜதானியின் நீலேசுவரத்தில், நெட்டைத் தாய்க்குக் குட்டையின் மகரந்தத்தைச் சேர்த்தார். உலகின் முதல் நெட்டை-குட்டைத் தென்னைக் கலப்பினம் நம் தேசத்தில் பிறந்தது. அத்தகைய மரங்கள் நெட்டையைவிட விரைவில் காய்க்கின்றன, அதிகமாகவும் காய்க்கின்றன. நமக்கு அருகிலுள்ள வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையமும் கிழக்குக் கடற்கரை நெட்டையோடு மலேயாக் குட்டைகளைச் சேர்த்து இத்தகைய ரகங்களை அளித்திருக்கிறது.

ஆனால் கலப்பினத்தின் காய் சமையலுக்கு உத்தமம், விதைக்கு ஆகாது. முதல் தலைமுறையில் கூடி வாழ்ந்த குணங்கள் அடுத்த தலைமுறையில் பாகப்பிரிவினை செய்துகொள்கின்றன. கலப்பினம் வேண்டுமாயின் ஒவ்வொரு முறையும் நெட்டையையும் குட்டையையும் புதிதாய்ச் சேர்த்த கன்றையே வாங்க வேண்டும். சொந்த விதைதான் வேண்டுமென்றால், நல்ல தோப்பின் நடுவே பல வருஷம் தவறாமல் காய்த்த நெட்டை மரங்களைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் நல்ல மரங்களாயிருந்தால் தகப்பனும் நல்லவனாயிருக்க இடமுண்டு.

நெல்லில் தவறினால் ஒரு போகம் போகும். தென்னையில் தவறினால் ஆறேழு வருஷம் போய்விடும். எனக்குப் போயிற்று. நீங்களேனும் பிள்ளை வாங்கும்போது தாயைப் பார்த்ததோடு நில்லாமல் தகப்பனையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.