'அதிகாரி' என்னும் சோம்பல்

பொறுப்பில் இருப்பவரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் எதுவாயினும் 'அதிகாரி' என்றோ 'மேலாளர்' என்றோ எழுதிவிட்டு நகரும் பழக்கம் மொழிபெயர்ப்பு வகுப்புகளில் வேரூன்றிவிட்டது. இதற்குத் தமிழின் சொல்வறுமை காரணமன்று. ஸ்பானியத்தை முதலில் 'பாஸ்' என்றும் 'இன்சார்ஜ்' என்றும் ஆங்கிலமாக்கிக்கொண்டு, பின்னர் அந்த ஆங்கிலத்துக்குத் தமிழ் தேடுவதே காரணம்.

மைசூரு விஜயநகர் நான்காம் ஸ்டேஜில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு வீட்டின் முன் நின்று, இங்கே பொறுப்பு யாருக்கு என்று கேட்டுப் பார்க்கலாம். பணம் மனைக்காரருடையது, வரைபடம் பொறியாளருடையது, ஒப்பந்தம் காண்டிராக்டருடையது. சுவர் நேராக நிற்பதோ மேஸ்திரியின் கையில். கன்னடரும் தமிழரும் ஒருங்கே வழங்கும் இச்சொல் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே'யின் வழிவந்தது. ஸ்பானியம் கட்டட வேலையின் தலையாளை 'மயெஸ்த்ரோ தே ஓப்ராஸ்' என்கிறது. மெஸ்த்ரே, மயெஸ்த்ரோ இரண்டும் இலத்தீன் 'மகிஸ்தெர்' ஈன்ற உடன்பிறப்புகள். தெருமுனையில் கிடக்கும் இச்சொல்லை அயற்சொல் என்று தள்ளிவிட்டு 'தலைமைக் கட்டுமான மேற்பார்வையாளர்' என்று எழுதுவதால் தூய்மை வந்துவிடுவதில்லை. கைத்திறனால் வந்த அதிகாரம் மறைந்து பதவி மட்டும் எஞ்சுகிறது.

பிற சொற்களுக்கும் தமிழ் ஆயத்தமாகவே உள்ளது. 'ஹெஃபே'யின் வேர், தலையைக் குறிக்கும் இலத்தீன் 'காபுத்', தமிழில் தலைவர். அலுவலகத்துத் துறைத்தலைவரும் ஹெஃபேதான். 1930 முதல் 1961 வரை தொமினிக்கக் குடியரசை ஆட்டிப்படைத்த த்ருஹில்யோவும் 'எல் ஹெஃபே'தான். அவ்விரு எல்லைகளையும் தாங்கும் வலிமை 'தலைவர்' என்ற சொல்லுக்கு உண்டென்பதைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

'என்கார்காதோ' என்பவர் சுமை ஏற்றப்பட்டவர். பொறுத்தல் என்றால் தாங்குதல். ஆகவே அவர் பொறுப்பாளர். முதலாளி இல்லாத வேளையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் அவரை அதிகாரி என்பது, அவருக்கு இல்லாத உரிமையைச் சூட்டுவதாகும். கூலியாள் கூட்டத்தை மேய்க்கும் 'கபதாஸ்' பண்ணைக் கதைகளில் வரும்போது, இலங்கை, மலாயாத் தோட்டங்களின் நினைவைச் சுமந்த 'கங்காணி' அருகில் நிற்கிறது. ஆள் சேர்ப்பதும் முன்பணக் கடனில் பிணைப்பதும் கங்காணியின் வேலைகளாக இருந்தன. எனவே எல்லாக் கபதாஸும் கங்காணி ஆகார். அந்த வேறுபாட்டை எடைபோடுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் பணி.

கலைச்சொல்லில் ஒருமை வேண்டும் என்பது எதிர்வாதம். ஒரு நிறுவனத்தின் ஆவணங்களுக்குள் அது நியாயமே. பணிக்களத்தையும் புதினத்தையும் அரசாணையையும் ஒரே சொல்லால் மூடுவதற்கு அது சான்றாகாது.

இதில் இழப்பு நடையழகோடு நிற்பதில்லை. 'ரெஸ்பொன்சாப்லே' என்பதன் அடியில் இருப்பது விடையளித்தல். சாரம் சரிந்து தொழிலாளி விழுந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அச்சொல் சுட்டுகிறது. அதை 'அதிகாரி' என்று பெயர்த்தால், கட்டளையிடும் உரிமை தமிழுக்கு வந்துசேர்கிறது. பதில் சொல்லும் கடமை வழியிலேயே தொலைந்துபோகிறது.