குரூப் இருக்கு, சேதி எங்கே?

நம்ம வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை ஒரு தடவை திறந்து மேலே தள்ளிப் பாருங்க. பிறந்தநாள் கேக், அதுக்குக் கீழே வரிசையா ஒட்டின அதே கேக், "வாழ்த்துகள் மச்சி", இன்டர்னல் மார்க் எப்போ வரும்ங்கிற கேள்வி, பிளேஸ்மென்ட் லிங்க். யாராவது தன்னைப் பற்றி நாலு வரி எழுதியிருக்காங்களா? இருக்காது. தினமும் முகத்தைப் பார்க்கும்போதே இப்படின்னா, படிப்பு முடிஞ்ச இரண்டே வருஷத்தில் அந்தக் குரூப் எல்லார் போனிலும் மியூட்டில் கிடக்கும் என்பது என் கணிப்பு.

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரக் காரணம் எங்க தாத்தாவோட வகுப்பு. அம்மாவின் அப்பா. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1963இல் சேர்ந்து 1968இல் சிவில் முடித்தவர். அப்போ பி.யூ.சி.க்குப் பிறகு ஐந்து வருஷப் படிப்பு. அதான் ஒட்டுதல் அதிகம்னு சொல்லத் தோணும். ஆனா ஒரு வருஷம் கூடுதலா மெஸ் சாம்பார் சாப்பிட்டதுக்காக யாரும் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்க மாட்டாங்க.

அவங்க பிரிஞ்சு போனதும் சாதாரணமா இல்லை. சிலர் பொதுப்பணித் துறை, சிலர் மின்வாரியம், ஒருத்தர் நெய்வேலி, ஒருத்தர் ரயில்வே. அமெரிக்கா 1965இல் போட்ட குடியேற்றச் சட்டம் முழுசா நடைமுறைக்கு வந்ததே 1968 ஜூலையில்தான். இவங்க படிப்பு முடிச்ச அதே வருஷம். அந்தக் கதவு வழியா நாலஞ்சு பேர் கடல் தாண்டிட்டாங்க. கையில் போன் கிடையாது. டிரங்க் கால் பதிவு பண்ணிட்டு மணிக்கணக்கா உட்காரணும். மிச்சம் இருந்தது இன்லேண்டு லெட்டர், வெளிநாட்டுக்கு ஏரோகிராம்.

அதை வச்சு எப்படிச் சமாளிச்சாங்க? எல்லாரும் எல்லாருக்கும் எழுதலை. எல்லாரும் ஒருத்தருக்கு எழுதினாங்க. அவர் எல்லாத்தையும் படிச்சு, முக்கியமானதைப் பொறுக்கி, இரண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை கார்பன் வச்சுத் தட்டச்சு அடிச்சு அனுப்பினார். நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்குப் புரியும், பக்கா ஸ்டார் டோபாலஜி. நடுவில் இருக்கிற ஆள் விழுந்தா மொத்தமும் படுத்துடும் என்கிற அதே பலவீனம் இதுக்கும் உண்டு. முதல் ஆள் காலமானப்போ, முகவரி நோட்டு மின்வாரியத்தில் இருந்த இன்னொருத்தர் கைக்கு மாறினது. இப்போ இருக்கிறவர் மூணாவது ஆள். நடுவில் யாஹூ குரூப்ஸ் வந்தது, நல்லா ஓடினது, 2020 டிசம்பரில் அதையே மூடிட்டாங்க. இவங்க அசரலை. முக்கியமான மடல்களை அச்செடுத்து ஃபைல் போட்டு வச்சிருந்தார் அந்த மூணாவது ஆள். சேவை எதுவானாலும் ஒருநாள் மூடுவாங்கன்னு அணைக்கட்டுப் பராமரிப்பில் இருந்தவருக்குத் தெரியாதா என்ன!

இப்போ மாசம் ஒரு மின்னஞ்சல் வருது. தாத்தா அதைக் கண்ணாடியைத் துடைச்சுட்டுத்தான் திறப்பார். நானும் படிப்பேன். அதில் சாதனைப் பட்டியல் இருக்காது. முழங்கால் மாற்று அறுவை முடிஞ்சு மாடிப்படி ஏறினது, கோயம்புத்தூர் வீட்டை வித்துட்டு மகளோட பெங்களூர் போனது, போன இடத்தில் தமிழ்ப் பேப்பர் எட்டு மணிக்கு மேலதான் வருதுன்னு புலம்பல், பேத்தி சிவில் எடுக்க மாட்டேன்னு சொன்னது. இதைத்தான் நான் சேதின்னு சொல்றேன். லிங்க்ட்இன்ல நாம போடுறது சேதி இல்லை, விளம்பரம். "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்"னு ஆரம்பிக்கிற எதையும் நண்பனுக்கு யாரும் எழுத மாட்டாங்க. அந்த மடலுக்கு ஒரே ஒரு சட்டம்: ஃபார்வர்டு கூடாது. அரசியல் சண்டைக்கும் காலை வணக்க ரோஜாவுக்கும் தனியா ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காங்க. அதைத் தாத்தா திறக்கிறதே இல்லை.

ஹார்வர்டில் 1938இல் ஆரம்பிச்ச ஆய்வு ஒண்ணு இன்னும் நடக்குது. கல்லூரி மாணவர்கள் 268 பேரோட தொடங்கி, பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புப் பையன்கள் 456 பேரையும் சேர்த்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தாங்க. 80 வயசில் யார் ஆரோக்கியமா இருப்பாங்கன்னு 50 வயசிலேயே கணிக்க, கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுகளில் இருந்த நிறைவு அதிகம் உதவினதுன்னு அவங்க சொல்றாங்க. எல்லாரும் ஆண்கள் என்பதால் இதை நான் அரை மனசோடதான் மேற்கோள் காட்டுறேன். தாத்தா வகுப்பும் அப்படித்தான், வேற வழியில்லை.

மடல் மட்டும் போதாது, சேர்ந்து போகவும் ஓர் ஊர் வேணும். வருஷத்துக்கு ஒரு பயணம். முதலில் பத்ரிநாத், அந்தமான்னு போனவங்க, இப்போ லிஃப்ட் இருக்கிற விடுதியா, கீழ் பெர்த் கிடைக்குமான்னு பார்த்துத்தான் ஊரையே தேர்வு பண்றாங்க. மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நின்னது. பென்ஷன் சின்னதா இருக்கிற இரண்டு பேர் அதுக்கப்புறம் வரத் தயங்கினாங்க. மற்றவங்க செலவை மொத்தமாப் போட்டுக் கணக்கே காட்டாம விட்டுட்டாங்க. இதைத் தாத்தா சொல்லலை, பாட்டி சொன்னாங்க.

போன வருஷம் பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். பதினொரு பேர், சாமான் தூக்க நான். 1914இல் திறந்த பழைய பாலத்தை 1964 டிசம்பர் புயல் சிதைச்சப்போ இவங்க இரண்டாம் வருஷம். ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் சரிசெய்த கதை அப்போ ஹாஸ்டல் முழுக்கப் பேச்சாம். சாலைப் பாலத்தில் நின்னுக்கிட்டு, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மேலே போகும்போது எடை எப்படிச் சமன் ஆகும், உப்புக் காத்தில் எத்தனை வருஷம் தாங்கும்னு அரைமணி நேரம் சண்டை. வண்டிகள் ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது, யாருக்கும் கேட்கலை. மூணாம் வருஷ டூருக்கு ராமேஸ்வரம் வந்தப்போ யார் பர்ஸைத் தொலைச்சதுங்கிற பேச்சு வந்தது. ஆளுக்கொரு பேர் சொன்னாங்க. கூட வந்திருந்த ஒரு அம்மா, வகுப்புத் தோழர் ஒருத்தரின் மனைவி, அவர் போய் ஆறு வருஷமாச்சு, சிரிச்சுக்கிட்டே, "இல்லைங்க, எங்க வீட்டுக்காரர்தான் தொலைச்சார். லெட்டர்ல எழுதியிருக்கார், நான் வச்சிருக்கேன்"னு சொன்னாங்க. அவர் இறந்த பிறகும் மடல் பட்டியலில் அந்த முகவரியை யாரும் எடுக்கலை. இப்போ அந்த அம்மாதான் பதில் எழுதுறாங்க.

இதைக் கேட்டு நம்ம பசங்க சொல்றது, "பெரியவங்களுக்கு நேரம் இருக்குடா." இப்போ இருக்கு. 1972இல் சைட்டில் ராத்திரி கான்கிரீட் போட்டுட்டு வந்து இன்லேண்டு லெட்டர் எழுதினவருக்கு எங்கே இருந்தது? ரிட்டயர் ஆனதும் திடீர்னு முளைச்ச நட்பு இல்லை இது.

தாத்தா வகுப்புக் கதையில் எனக்கு உறுத்துற ஓர் இடமும் உண்டு. பட்டியலில் முதலில் இருந்தது பாஸ் பண்ணி வெளியே வந்தவங்க மட்டும். மூணாம் வருஷத்தில் வீட்டு நிலைமையால் நின்னுபோன ஒருத்தர் பேர் நோட்டிலேயே இல்லை. விழுப்புரம் பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருந்தவரை யாரோ தற்செயலாக் கண்டுபிடிச்சப்போ முப்பது வருஷம் ஓடியிருந்தது. "என்னையும் உங்க செட்டுன்னு நினைக்கிறீங்களான்னு தெரியலை"ன்னாராம். அந்த முப்பது வருஷத்தை எந்தப் பயணத்திலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஃபேர்வெல்லுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். டி-ஷர்ட் கலருக்கு மூணு வாக்கெடுப்பு நடத்தியாச்சு. முகவரி வாங்க யாரும் கிளம்பலை. எங்க வகுப்புக்கு நான் ஒரு நோட்டு போட்டிருக்கேன்: பேர், ஊர் முகவரி, அப்பா அம்மா நம்பர், மின்னஞ்சல். மூணு மாசத்துக்கு ஒரு மடல் அனுப்புவேன், ஆளுக்கு நாலு வரி வந்தாப் போதும். என்னால முடியாமப் போனா எடுத்து நடத்த இன்னொருத்தர் இப்பவே பேர் கொடுக்கணும். அறுபத்தி நாலு பேர்னு தலைப்பு எழுதிட்டு அடிச்சு அறுபத்தி ஆறுன்னு மாத்தியிருக்கேன். மூணாம் செமஸ்டரோட நின்னவங்க இரண்டு பேர். ஒருத்தன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னு வருது, இன்னொருத்தி நம்பர் உபயோகத்தில் இல்லை. புதுசு யார்கிட்டயாவது இருந்தா ஹாஸ்டல் ரெண்டாவது மாடியில் வந்து கொடுங்க.